ஒளிநாடாக் கடைகள் மூடப்பட்டபோது நம்முடைய வீட்டுப் படங்கள் எங்கே போயின?

திருமலைக் கரையோன் எழுதியது:

சென்ற மாதம் திருகோணமலை நகரில், பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீடியோக் கடையின் இழுகதவை, அதை நடத்தியவரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து திறந்தார். கட்டடத்தை விற்பதற்காக வந்திருந்த அவர், உள்ளே கிடந்தவற்றைக் குப்பை உழவு இயந்திரத்தில் ஏற்றிவிடும்படி கூலியாட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் தற்செயலாக அவ்வழியே சைக்கிளில் போனேன். பதினொரு உரப்பைகள் நிறையக் கசெற்றுகள் இருந்தன. நான் அவற்றைக் கேட்டேன். அவரும் மறுக்காமல் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பையைப் பிரித்தபோது, இந்தியாவிலிருந்து வந்த திரைப்படங்களே இருக்கும் என்று எதிர்பார்த்தேன். திரைப்படங்களும் இருந்தன. ஆனால் ஏறத்தாழப் பாதிக்கு மேல் நம்முடைய ஊர்க் கசெற்றுகள். முதுகில் ஒட்டிய தாளில் நீல மையினால், "பாலையூற்று, சாமத்தியச் சடங்கு, மாஸ்டர்", "அம்மன் கோயில் தீர்த்தம்", "கல்யாணம், மாப்பிள்ளை வீடு நிலாவெளி, 2 இல் 1" என்று எழுதப்பட்டிருந்தது. நாலாவது பையில் என் சொந்தத் தங்கையின் சாமத்தியச் சடங்கு இருந்தது. எங்கள் வீட்டிலிருந்த கொப்பி 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போய்விட்டது. அதனுடைய மாஸ்டர், அதாவது முதற்பதிவுக் கசெற், இத்தனை காலமும் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில் இருட்டுக்குள் கிடந்திருக்கிறது.

கசெற்றின் கண்ணாடிச் சாளரத்தினூடாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுற்றப்பட்ட நாடாவின் கறுத்த விளிம்பில், அரிசிமாவை விரல் நுனியால் தொட்டு வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகப் படர்ந்திருந்தன. பூஞ்சணம். கடற்காற்றில் இரும்புக் கேற்றே ஐந்து வருடத்தில் கரைந்துபோகிற ஊரில் நாடா எத்தனை காலம் தாங்கும்?

வீடியோக் கடைகள் ஏன் அழிந்தன என்பதைப் பற்றிப் பலரும் பேசுகிறோம். அந்தக் கடைகள் திரைப்படங்களை வாடகைக்கு விட்ட இடங்கள் மட்டுமல்ல, நம்முடைய ஊரின் அசையும் படங்கள் முழுவதையும் வைத்திருந்த ஒரே இடங்களாகவும் இருந்தன என்பதை நான் இப்போதுதான் உணர்கிறேன். அவை எப்படி நடந்தன, எப்படி மூடப்பட்டன, எஞ்சியதை எப்படிக் காப்பாற்றலாம் என்பதைத் தெரிந்தவர்கள் இங்கே விரிவாக எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏகாம்பரம் வீதிக்காரன் எழுதியது:

கரையோன் தம்பி, நீங்கள் சொல்லும் கடை எதுவென்று எனக்கு ஊகிக்க முடிகிறது. நான் அங்கே வேலை செய்யவில்லை. ஆனால் அதற்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் 1987 முதல் கிட்டத்தட்டப் பதினைந்து வருடங்கள் கையாளாக நின்றவன் நான்.

தொடக்கத்தில் எங்கள் தொழில் கசெற் வாடகை அல்ல, டெக் வாடகை; டெக் என்றால் கசெற்றை ஓட்டும் இயந்திரம். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகும், ரிவி இருந்த வீடுகள் நகரத்திலேயே குறைவு. டெக் இருந்த வீடுகள் அதைவிடக் குறைவு. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த பெட்டிகளே பெரும்பாலும் முதலில் ஊருக்குள் வந்தவை. ஆகவே, ஒரு கலியாண வீட்டுக்கோ முப்பத்தோராம் நாள் முடிந்து உறவினர் கூடியிருந்த வீட்டுக்கோ, ரிவி ஒன்று, டெக் ஒன்று, கசெற்றுகள் மூன்று, மின்சாரம் இல்லாத இடமானால் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்று, இவற்றோடு ஓர் ஆளும் என்று ஒரு இரவுக்கு வாடகை பேசி அனுப்புவோம். அந்த ஆள் நான்தான். தம்பலகாமத்தில் ஒரு முற்றத்தில் விடிய விடிய மூன்று படம் ஓட்டிவிட்டு, காலையில் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

பிறகு ஊரடங்கு வந்தது. இரவுக் காட்சிக்குத் தியேட்டருக்குப் போக எவராலும் இயலாத காலத்தில், மாலை ஐந்து மணிக்கு முன்பாகக் கசெற்றை எடுத்துச் சென்று கதவைப் பூட்டிக்கொண்டு பார்ப்பதுதான் மிச்சமிருந்த பொழுதுபோக்கு. அத்தோடு, இறக்குமதி 1972 முதல் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தமையால் இந்தியப் படங்கள் தியேட்டருக்குத் தாமதமாகவே வந்தன. கசெற்றுகளோ சிங்கப்பூர் வழியாக அதற்கு வெகு முன்பே வந்துவிடும். படத்தின் அடியில் எங்கோ ஓர் ஊரின் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் வாசித்துக்கொண்டே நம்மவர்கள் அழுதார்கள்.

கொப்பி எடுக்கும் முறை இதுதான்: இரண்டு டெக்குகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவோம். மூன்று மணி நேரப் படத்தைக் கொப்பி எடுக்க மூன்று மணி நேரம் வேண்டும்; அதில் குறுக்கு வழி கிடையாது. அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்தால் முகங்கள் கரையத் தொடங்கும். அதிலிருந்தும் எடுத்தால் சிவப்புச் சேலை திரைக்கு வெளியே வழியும். அதனால்தான் மாஸ்டர் என்று எழுதிய கசெற்றை முதலாளி எவருக்கும் வாடகைக்குத் தரமாட்டார். அதன் முதுகுப்புறத்தில் ஒரு சிறு பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். அதை ஆணியால் உடைத்துவிட்டால் அக்கசெற்றில் மேற்பதிவு செய்ய முடியாது. உங்களிடமுள்ளவற்றில் நாக்கு உடைக்கப்பட்டவற்றை முதலில் வேறாக எடுத்து வையுங்கள். அவையே விலை மதிப்பில்லாதவை. நாக்கு இருந்த குழியின்மீது செலோரேப் ஒட்டியிருந்தால், யாரோ பழையதன்மேல் புதியதைப் பதிந்துவிட்டார்கள் என்று பொருள். அதை எழுதவே எனக்கு மனம் கூசுகிறது, ஏனென்றால் வெற்றுக் கசெற் தட்டுப்பாடான காலத்தில் நானும் அப்படிச் செலோரேப் ஒட்டியிருக்கிறேன்.

கடைகள் மூடப்பட்டதற்கு இணையம்தான் காரணம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இங்கே அது உண்மையல்ல. வாடகை என்பது, ஒரு பொருளின் விலை அதை ஒரு நாளைக்கு வைத்திருப்பதற்கான கூலியைவிட வெகு அதிகமாக இருக்கும்வரைதான் நிற்கும். ஒரு கசெற்றை விலைக்கு வாங்குவதற்குப் பதில் பல தடவை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்ற கணக்கு இருந்தவரை நாங்கள் வாழ்ந்தோம். சீடி வந்தபோது அந்தக் கணக்கு கவிழ்ந்தது. ஒரு சீடியில் எழுபத்து நாலு நிமிடம் பிடிக்கும், ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ வேண்டும். ஆனால் கணினியில் ஒன்றை எழுதச் சில நிமிடங்களே போதும். வெற்றுச் சீடியின் விலை விழுந்து, வாடகைக்கு நிகராக ஒரு படத்தை விற்றே விடலாம் என்ற நாள் வந்ததும், திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டிய தேவை எவருக்கும் இல்லாமல் போயிற்று. திரும்பி வராத வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு எப்படிக் கடை நடத்துவது? எங்கள் முதலாளி 2005இல் தட்டுகளைக் கழற்றிவிட்டுப் போட்டோக் கொப்பி இயந்திரம் வைத்தார்.

நிலாவெளி ஆசிரியர் எழுதியது:

ஏகாம்பரம் வீதி அண்ணா கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் அதற்கு முன்பே ஒரு அடி விழுந்துவிட்டது என்பதையும் சேர்க்கவேண்டும். சன் தொலைக்காட்சி 1993இல் தொடங்கியது. 1998இல் இலங்கையின் சக்தி தொலைக்காட்சி வந்தது. நாள்தோறும் ஒரு படம் காசில்லாமல் வீட்டுக்கு வரத் தொடங்கியபோது, பழைய படங்களுக்கான வாடகை படுத்துவிட்டது. புதிய படங்களை மட்டும் நம்பி நின்ற கடையைச் சீடி எளிதாக வீழ்த்தியது. இணையம் வழியாகப் படம் காட்டும் நெற்ஃபிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது 2016 ஜனவரியில். அப்போது அது வீழ்த்துவதற்கு இங்கே எந்த வீடியோக் கடையும் நின்றிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும், சிலருக்கு அது கசக்கக்கூடும். நாம் கண்ணீர் விடும் அந்தக் கடைகளில் இருந்த திரைப்படக் கசெற்றுகளில் மிகப் பெரும்பான்மையானவை உரிமையாளரின் அனுமதியின்றிக் கொப்பி எடுக்கப்பட்டவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், திரைப்படம் போன்ற ஆக்கங்களை வாடகைக்கு விடும் உரிமையை ஆக்கியவருக்கே உரியதாக்குகிறது. அந்தத் தொழிலில் உழைத்தவர்களை நான் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு முறையான வழி எதுவும் திறந்திருக்கவில்லை. ஆனால் அந்தத் திரைப்படங்களைக் காப்பாற்ற வேறு இடங்களில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் காப்பாற்றவேண்டியது கரையோனுடைய பைகளில் உள்ள மற்றப் பாதியை மட்டுமே. அதை வேறு எவரும் செய்யப்போவதில்லை.

சம்பூர் மகள் எழுதியது:

இந்த இழையை இரண்டு நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் மூவரும் கடைக்குள் நின்று எழுதுகிறீர்கள். நான் கடைக்கு வெளியே நின்றவள் என்பதால் அந்தப் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் வீடியோக் கடை இருந்ததில்லை. மூதூருக்குப் போய், அங்கிருந்து லோஞ்சில் (இயந்திரப் படகில்) கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வந்தால்தான் கசெற். எந்தப் படம் என்பதைத் தெரிவு செய்தவர்கள் எப்போதும் அண்ணன்மாரும் மாமாமாரும்தான். அந்தக் கடைகளுக்குள் ஒரு இளம் பெண் தனியே நுழைந்து தட்டுகளைப் பார்த்து நிற்பதை அக்காலத்தில் எவரும் நல்லதாகப் பார்க்கவில்லை. நான் அப்படி ஒரு கடைக்குள் கால் வைத்தது ஒரேயொரு தடவை, 2003இல், என் கலியாணத்துக்கு வீடியோ எடுப்பதற்கு முற்பணம் கொடுக்க அப்பாவோடு போனபோது. யுத்த நிறுத்தக் காலம் ஆகையால் பாதை திறந்திருந்தது. தட்டுகளில் அடுக்கியிருந்த அத்தனை கசெற்றுகளையும் பார்த்து, இவ்வளவையும் பார்த்து முடிக்க ஒரு ஆயுள் போதாது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

வீடியோக்காரர்கள் இருவர் முதல் நாளே கமராவோடு லோஞ்சில் வந்து எங்கள் வீட்டில் தங்கிப் படம் எடுத்தார்கள். கசெற் கைக்கு வந்தபோது அப்பா அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்தார். 2006இல் நாங்கள் சம்பூரை விட்டு ஓடினோம். உடுத்த உடையோடு போனோம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு அது சொல்லுக்குச் சொல் உண்மை. அப்பா முகாமில் இருந்தபோதே இறந்துவிட்டார். 2016இல் காணி திரும்பக் கிடைத்தபோது, வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டுமே இருந்தது.

அப்பாவின் படம் அடையாள அட்டையில் இருந்த ஒன்று இருக்கிறது. ஆனால் அவர் நடப்பதை, சிரிப்பதை, சால்வையைத் தோளில் எடுத்துப் போடுவதை என் பிள்ளைகள் பார்த்ததில்லை. நாங்கள் போன கடை, கரையோன் அண்ணா சொல்லும் கடையாக இருக்குமோ என்று எனக்குத் தெரியாது. வாசலில் இரண்டு படி ஏறவேண்டும். உள்ளே இடது பக்கச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். பெயர் மறந்துவிட்டது. பைகளில் சம்பூர் என்றோ மூதூர் என்றோ எழுதிய கசெற் ஏதேனும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒருவன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு ஊரில் இருப்பவர்கள்தான் பதில் சொல்லவேண்டும். எனினும் இங்கிருந்து ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் ஒரு கலியாணம் நடந்தால், வெளிநாட்டில் இருந்த அண்ணனுக்கும் மாமாவுக்கும் ஒரு கொப்பி அனுப்பாத குடும்பம் இல்லை. வர முடியாதவர்கள் பார்ப்பதற்காகவே பாதி வீடியோக்கள் எடுக்கப்பட்டன. ஆனால் கனடாவுக்கு வந்த கசெற்றுகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இலங்கையில் பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறை, 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டகங்கள்; இங்கே என்.ரி.எஸ்.சி. முறை, 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள். இங்குள்ள சாதாரண டெக்கில் போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும். என் அக்காவின் கலியாணத்தை நான் முதன்முதலில் அப்படித்தான் பார்த்தேன்: கறுப்பு வெள்ளையாய், தலைக்குமேல் கால் வந்து, தாலி கட்டும் நேரத்தில் வெறும் கோடுகள். பின்னர் தமிழ்க் கடையொன்றில் காசு கொடுத்து முறை மாற்றினேன். பலர் மாற்றவில்லை. பார்க்க முடியாத அந்தக் கசெற்றுகளை எறியவும் மனமில்லாமல் நிலக்கீழ் அறையில் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.

அதுவே இப்போது நன்மையாகிவிட்டது. ஓடவிடாத கசெற் தேயாது. குளிர்ந்த உலர்ந்த அறையில் பூஞ்சணமும் பிடிக்காது. சென்ற கிழமை என் பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒன்பது கசெற்றுகளும் நேற்றுச் சுற்றியவை போல் இருக்கின்றன. ஆகவே, லண்டனிலும் பாரிசிலும் இங்கும் உள்ள திருமலைக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைத் தேடிப்பார்க்க வேண்டும். ஊரில் அழிந்த மாஸ்டருக்குப் பிள்ளையாக ஒரு கொப்பி இங்கே எங்காவது இருக்கக்கூடும். தங்கச்சி, உங்கள் உறவினர் யாராவது அப்போது வெளிநாட்டில் இருந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

வட அமெரிக்காவின் பெரிய வாடகைக் கடைகளின் முடிவையும் கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவின் பிளொக்பஸ்டர் நிறுவனத்துக்கு 2004இல் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. 2010 செப்டெம்பரில் அது வங்குரோத்து நிலைக்கு விண்ணப்பித்தது. இப்போது அந்தப் பெயரில் ஒரேகன் மாநிலத்தின் பெண்ட் நகரில் ஒரேயொரு கடை இருக்கிறது. அவர்களை வீழ்த்திய நெற்ஃபிளிக்ஸ்கூட அஞ்சலில் டீவீடி அனுப்புவதை 2023இல் நிறுத்திவிட்டது. ஆனால் அவை மூடப்பட்டபோது விற்றுத் தீர்த்த கசெற்றுகளில் எவருடைய அம்மாவும் அப்பாவும் இருக்கவில்லை. நம்முடைய கடைகள் மூடப்பட்டதற்கும் அவர்களுடையவை மூடப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். சியாற்றிலில் ஸ்கெயர்குரோ என்ற கடையை 2014இல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாற்றித் தொகுப்பு முழுவதையும் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதையும் குறிப்பிடுகிறேன். மனம் வைத்தால் நடக்கும் காரியம்தான்.

அலஸ்தோட்டம் திருத்துநர் எழுதியது:

நான் முப்பது வருடமாக வானொலி, ரிவி, டெக் திருத்துகிறவன். கரையோன் தம்பி, நீங்கள் எனக்கு இப்போதே ஒரு வாக்குத் தரவேண்டும்: பூஞ்சணம் பிடித்த ஒரு கசெற்றையும் எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்கவேண்டாம். ஆவல் இருக்கும், எனக்குப் புரிகிறது, தங்கையின் கசெற் ஆயிற்றே. ஆனால் டெக்கினுள் உள்ள உருளை பால் முறையில் நிமிடத்துக்கு 1500 தடவை சுழல்கிறது. அதன் விளிம்பில், பதிவை வாசிக்கும் மயிரிழையினும் நுண்ணிய தலைகள் நாடாவை உரசிக்கொண்டு ஓடுகின்றன. பூஞ்சணம் அதில் சிக்கினால் தலை அடைபடும், நாடா கீறுப்படும், அதன்பின் அதே டெக்கில் போடும் நல்ல கசெற்றுக்கும் நோய் தொற்றும்.

செய்யவேண்டியது இதுதான். நல்லவற்றையும் பூஞ்சணம் பிடித்தவற்றையும் இரண்டு அறைகளில் பிரித்து வையுங்கள். கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. வெயிலில் காயப்போடாதீர்கள், சூட்டில் நாடா சுருங்கி வளையும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு நிமிர்த்தி அடுக்கி மூன்று நான்கு வாரம் விட்டால் ஈரம் இறங்கும், பூஞ்சணம் காய்ந்து உதிரும் நிலைக்கு வரும். அதன் பிறகு கோதைப் பிடித்திருக்கும் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, நாடாச் சுருள்கள் இரண்டையும் சுத்தமான வேறு கோதுக்கு மாற்றி, மென்மையான துணியினூடாக மிக மெதுவாகச் சுற்றித் துடைப்பேன். மூன்று மணி நேரக் கசெற்றில் கால் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நாடா இருக்கிறது. அவசரப்பட்டால் அறும்.

துடைத்ததும் ஒரு தடவை முழுவதும் முன்னே சுற்றி, திரும்பப் பின்னே சுற்றவேண்டும். வருடக்கணக்காகக் கிடந்த நாடாவின் இறுக்கம் அப்போதுதான் சீராகும். பிறகு கணினியில் பதிவோம், 720க்கு 576 என்ற அளவில், நொடிக்கு 25 சட்டகம். கோப்பைச் சுருக்கிச் சிறிதாக்கச் சொல்லி எவரும் கேட்கவேண்டாம். படம் ஏற்கெனவே மங்கல். இருப்பதையும் நாம் பிழியக்கூடாது.

என்னிடம் ஓடக்கூடிய டெக்குகள் மூன்று உள்ளன. புதியது இனிக் கிடைக்காது. உலகில் கடைசியாக அவற்றைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இறப்பர் உருளைகள் இறுகிவருகின்றன, பட்டிகள் நெகிழ்கின்றன. நாடா அழிவதற்கு முன்பே அதை ஓட்டும் இயந்திரம் அழிந்துவிடும் என்பதுதான் என்னுடைய பெரிய பயம். கூலி வேண்டாம். சிலிக்கா ஜெல்லுக்கும் கணினி வன்தட்டுக்கும் ஆகும் செலவை நீங்கள் பகிர்ந்துகொண்டால் போதும்.

நிலாவெளி ஆசிரியர் எழுதியது:

திருத்துநர் ஐயாவுக்கு நன்றி. தொடங்குவதற்கு முன் ஒரு விடயத்தை முடிவு செய்யவேண்டும். அந்தக் கசெற்றுகளில் இருப்பவை பிறருடைய வீட்டு உள் அறைகள். சாமத்தியச் சடங்கில் நீராட்டும் காட்சி இருக்கும். அன்று பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று ஒரு பாடசாலையின் அதிபராக இருக்கலாம். அதை யூரியூப்பில் ஏற்றினால் நாம் காப்பாற்றியவர்களாக மாட்டோம். அத்தோடு, அந்தப் படங்களில் இருக்கும் பலர் பிறகு காணாமல் போனவர்கள், இறந்தவர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அவர்களை ஒரு தாய் திரையில் காணும்படி விடக்கூடாது. குடும்பத்தைக் கண்டுபிடித்து, கசெற்றையும் கோப்பையும் அவர்களிடமே ஒப்படைத்து, அவர்கள் விரும்பினால் மட்டும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் அவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோயில் திருவிழா, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி போன்ற பொது நிகழ்ச்சிகள் வேறு. அவற்றைப் பற்றிப் பின்னர் பேசலாம்.

திருமலைக் கரையோன் எழுதியது:

ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். உறைமேல் எழுதியிருப்பதற்கு அப்பால் எதையும் நாம் பார்க்கவேண்டாம். உரியவர் அனுமதி தந்த பிறகே ஓடவிடுவோம். திருத்துநர் ஐயா, வாக்குத் தருகிறேன். ஒன்றையும் டெக்கில் போடவில்லை.

நேற்றும் இன்றும் பதினொரு பைகளையும் பிரித்து முடித்துவிட்டேன். மொத்தம் 412 கசெற்றுகள். திரைப்படங்களை நீக்கினால் 237. அவற்றில் நாக்கு உடைக்கப்பட்டவை 168. செலோரேப் ஒட்டியவை 31. அவற்றுக்குக் கீழே யார் இருந்தார்கள் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

ஏழாவது பையில் கடையின் கணக்குக் குறிப்பேடு ஒன்றும் அகப்பட்டது. நூற்றிருபது பக்கச் சீ.ஆர். கொப்பி. வாடகைக்கு எடுத்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை. "ஆஸ்பத்திரி நேர்ஸம்மா", "கிணற்றடி வீட்டு மாஸ்டர்", "கச்சேரிக் கிளாக்கர், பழைய பாக்கி உண்டு" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். யாரென்று கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. கடைசிப் பக்கங்களில் வெளியிடங்களுக்குப் படம் எடுக்கப் போன நாட்களின் குறிப்பு இருக்கிறது.

சம்பூர்த் தங்கச்சி, அதில் 2003இன் கீழ் "மூதூர் லோஞ்ச், 2 ஆள், இரவு தங்கல்" என்று ஒரு வரி உண்டு. அதற்கு நேரே 147 என்ற இலக்கம். 147 என்று எழுதிய கசெற்றைத் தேடி எடுத்துவிட்டேன். தாளின் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. "ர், கல்யாணம், மாஸ்டர்" என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சியுள்ளன. அந்த "ர்" சம்பூரா மூதூரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கு உடைக்கப்பட்டிருக்கிறது. பூஞ்சணம் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும். நீங்கள் சொன்ன இரண்டு படிகளும் அந்தக் கடைக்கு இருக்கின்றன. கடிகாரத்தை நான் காணவில்லை. இடது சுவரில் வட்டமான ஒரு வெளிறிய அடையாளம் மட்டும் இருந்தது.

ஏகாம்பரம் வீதிக்காரன் எழுதியது:

தங்கச்சி, மூதூருக்கு அந்த வருடம் எத்தனையோ கலியாணங்களுக்குப் போயிருப்பார்கள். மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு காத்திருங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன்: அக்கடையில் படம் எடுத்தவர் எனக்குத் தெரிந்தவர். அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஊருக்குள் நுழையும் வழியைத்தான் எடுப்பார், வீட்டை அல்ல. அது அவருடைய வழக்கம்.

சம்பூர் மகள் எழுதியது:

இதை வாசித்துவிட்டு நெடுநேரம் எதையும் எழுத இயலாமல் இருந்தேன்.

ஏகாம்பரம் வீதி அண்ணா சொல்வது சரி. எங்கள் கசெற்றின் தொடக்கத்தில் மூதூர் இறங்குதுறைதான் வரும். வீடியோக்காரர்களை அழைத்துவர அப்பா அங்கே போயிருந்தார். லோஞ்ச் கரை சேரும்போது லோஞ்சுக்குள் இருந்தே எடுத்திருக்கிறார்கள். கரையில் வெள்ளை வேட்டியோடு, கையில் கறுப்புக் குடையோடு நிற்பவர் அப்பா. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கமராவைப் பார்த்துக் கையை உயர்த்துவார். பிறகு படம் எடுக்கிறார்கள் என்று விளங்கி வெட்கப்பட்டுக் கையை இறக்கிவிடுவார்.

திருத்துநர் ஐயா, அனுமதி கேட்கவேண்டும் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். நான் அனுமதி தருகிறேன். முதல் இரண்டு நிமிடம் மட்டும் பாருங்கள். குடையோடு ஒருவர் கையை உயர்த்தி இறக்கினால், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை நான் வந்து பிள்ளைகளோடு பார்க்கிறேன்.

அலஸ்தோட்டம் திருத்துநர் எழுதியது:

மகள், 147 இன்று மாலை என் கைக்கு வந்தது. பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு தனியாக வைத்திருக்கிறேன். நான்கு வாரம் காயவேண்டும். அதற்கு முன் திறக்கமாட்டேன். இறங்குதுறைவரை சுற்றி நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.